திரையின் வாசல் எல்லோருக்கும் திறக்க வேண்டும்

சந்தியில் புதிதாக ஒரு கடை திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருட்கள் நல்லவை, விலையும் நியாயமானது. ஆனால் வாசலில் ஐந்து உயரமான படிகள். பிடித்து ஏறக் கைபிடி இல்லை. உள்ளே விலைப்பட்டியல் எறும்பு அளவு எழுத்தில் தொங்குகிறது. கடையில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது. ஊன்றுகோலோடு வந்தவர் படியடியில் நின்று யாரையாவது கூப்பிட வேண்டும். பார்வை மங்கிய மூதாட்டி தன் பணப்பையை அயலவரிடம் கொடுத்து, "நீயே எண்ணிக் குடு மோனை" என்று சொல்ல வேண்டும். இதை நல்ல கடை என்று நாம் சொல்வோமா?

இன்று வங்கி, தொலைபேசிக் கம்பனி, மின்கட்டணம், பேருந்து ஆசனப் பதிவு, விதையும் பசளையும் விற்கும் நிறுவனம் என்று பலவும் மெல்ல மெல்லக் கைத்தொலைபேசித் திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. திரையும் ஒரு கடைதான். அதற்கும் வாசல் உண்டு. அந்த வாசலிலும் படிகள் உண்டு. நிறுவனங்கள் தமது திரைச் சேவைகளை எல்லோரும் பயன்படுத்தக்கூடியவையாக ஏன் அமைக்க வேண்டும், அவ்வாறு அமைக்கும்படி நாம் எப்படிக் கேட்கலாம் என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. வெளியே நிற்பவர்கள் யார்?

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு உடல் அல்லது உளக் குறைபாட்டோடு வாழ்கின்றனர். இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைப் பராமரித்தல், பிறரோடு தொடர்புகொள்ளல் ஆகியவற்றில் ஏதாவதொன்றிலேனும் சிரமம் உள்ளவர்கள் எனப் பதியப்பட்டது. இத்தொகை 16 இலட்சத்துக்கு மேல்.

எறிகணையிலும் மிதிவெடியிலும் கண்ணையோ கையையோ காலையோ இழந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். வெடிச்சத்தத்தில் செவிப்புலன் குறைந்தவர்களும் உள்ளனர். இவர்களோடு இன்னும் பலரையும் சேர்த்து எண்ண வேண்டும். முதுமையாலும் நீரிழிவாலும் பார்வை மங்கியவர்கள். பள்ளிப் படிப்பு இடைநடுவில் அறுந்ததால் வாசிக்கச் சிரமப்படுபவர்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள். வெடித்த திரையுள்ள பழைய தொலைபேசியை வைத்திருப்பவர்கள். நல்ல பார்வை உள்ளவருக்குங்கூட, நண்பகல் வெயிலில் வயல் வரம்பில் நின்று பார்த்தால், வெள்ளைத் திரையில் உள்ள மங்கிய சாம்பல் எழுத்துத் தெரிவதில்லை. எனவே இது ஒரு சிலருடைய பிரச்சினை அல்ல. இன்று இல்லாவிட்டாலும், வயது போகும்போது நம்மில் அநேகரை வந்து சேரும் பிரச்சினை.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை தொலைவில் இருக்கும். ஒருமுறை போய்வரப் பேருந்துச் செலவு; அன்றைய கூலியும் இல்லை. நடக்க முடியாதவருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்தே பணம் அனுப்பவும் மீதியைப் பார்க்கவும் முடிவது அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. அந்தச் சேவை மிகவும் தேவைப்படுகிறவருக்கே அதன் வாசல் அடைபட்டிருக்கிறது என்பதுதான் இங்குள்ள அநீதி.

2. திரையில் உள்ள படிகள்

விழிப்புலனற்றவர் கைத்தொலைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று சிலர் வியக்கலாம். திரையில் உள்ளதை உரத்து வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் உள்ளன. இவற்றைத் திரைவாசிப்பான் என்பர். அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் 'டோக்பக்' என்னும் திரைவாசிப்பான் வாங்கும்போதே உள்ளது. கணினிக்கு 'என்.வி.டி.ஏ.' என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. விழிப்புலனற்ற இரு அவுஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கிய முயற்சி அது. தமிழையும் அது வாசிக்கும். ஆகவே கருவி இருக்கிறது. ஆனால் நிறுவனம் தன் செயலியை முறையாக அமைக்காவிட்டால் அந்தக் கருவிக்கு வாசிக்க ஒன்றும் இராது. பொதுவாகக் காணப்படும் சில படிகளைப் பார்ப்போம்.

அ) பெயரில்லாத பொத்தான். "பணம் அனுப்பு" என்ற இடத்தில் ஓர் அம்புக்குறிப் படம் மட்டும் இருக்கும். செயலியை எழுதியவர் அதற்குப் பெயர் சூட்டவில்லை. திரைவாசிப்பான் "பொத்தான், பொத்தான்" என்று மட்டுமே சொல்லும். எது அனுப்பும் பொத்தான், எது அழிக்கும் பொத்தான் என்று எப்படி அறிவது?

ஆ) நிறத்தால் மட்டும் சொல்லுதல். பிழை என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை. நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பக்கத்தில் "பிழை" என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

இ) அவசரப்படுத்துதல். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை இலக்கத்தைச் சொற்ப நேரத்துக்குள் பதிய வேண்டும். நடுங்கும் கைக்கும், கேட்டுக் கேட்டுத் தட்டுபவருக்கும், சமிக்ஞை குறைந்த ஊருக்கும் அந்த நேரம் போதாது.

ஈ) விரலடையாளம் மட்டுமே சாவி. மண்வெட்டி பிடித்து, புல்லுப் பிடுங்கி, சீமெந்து குழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி பல வேளைகளில் இனங்காணாது. விரல் இழந்தவருக்கோ அந்தச் சாவியே இல்லை. வேறொரு வழியும் இருக்க வேண்டும்.

உ) படமாக மட்டும் உள்ள அறிவித்தல். வட்டி வீதத்தையும் நிபந்தனைகளையும் அழகான படமாக வரைந்து போடுகிறார்கள். பல திரைவாசிப்பான்களுக்கு அது வெறும் படம்தான்.

ஊ) புரியாத தமிழ். ஆங்கிலத்தை எந்திரத்தால் பெயர்த்து அப்படியே போட்டிருப்பார்கள். கண் நன்றாக இருந்தும் வாசிப்பவர் குருடராகிவிடுகிறார்.

3. பறிபோவது என்ன?

"இதற்கென்ன, வீட்டில் உள்ள பிள்ளை செய்து தருமே" என்று சொல்வது எளிது. சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

"உங்கள் இரகசிய இலக்கத்தை எவரிடமும் சொல்லாதீர்கள்" என்று எல்லா வங்கிகளும் எச்சரிக்கின்றன. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் பார்வையற்ற ஒருவரால் தனியாக இயக்க முடியாத செயலியை அதே வங்கி கொடுக்கும்போது, தன் இலக்கத்தைப் பிறரிடம் சொல்லும்படி அவரை அதுவே தள்ளுகிறது. பிறகு பணம் காணாமற் போனால், "இலக்கத்தை நீங்கள்தானே கொடுத்தீர்கள்" என்று அவர்மீதே பழி விழும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்து, பார்வையும் குறைந்த ஒரு தாய் வெங்காயம் விற்ற காசைச் சேமித்து வைத்திருக்கிறாள். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அயலாருக்குத் தெரிவிக்காமல் பார்க்கும் உரிமை அவளுக்கு இல்லையா? மகன் நல்லவனாகவே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அவனைக் கேட்டு நிற்க வேண்டிய நிலை, உழைத்துச் சேர்த்தவளைத் தன் சொந்தப் பணத்துக்கே இரந்து நிற்பவளாக ஆக்குகிறது. இங்கே பறிபோவது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும் தன்மானமுந்தான்.

4. நிறுவனத்துக்கு இதில் என்ன பயன்?

"அப்படிப்பட்டவர்கள் எங்கள் சேவைக்கு அதிகம் வருவதில்லை" என்பது நிறுவனங்கள் சொல்லும் முதலாவது சாட்டு. படிகளை உயரமாகக் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே என்று சொல்வதைப் போன்றது இது. வாசலைத் திறந்தால் வருவார்கள். ஒருவர் வந்தால் குடும்பமும் வரும்.

கென்யா நாட்டில் 2007இல் தொடங்கிய 'எம்-பேசா' என்னும் பணச் சேவை இதற்குச் சிறந்த உதாரணம். அங்கே கிராம மக்கள் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை; விலையுயர்ந்த தொலைபேசியும் இல்லை. எனவே அந்தத் தொலைபேசி நிறுவனம் மிகச் சாதாரணமான பொத்தான் தொலைபேசியிலும் இயங்கும்படி சேவையை அமைத்தது. ஊர்ச் சிறுகடைகளே பணம் போடவும் எடுக்கவும் உதவும் முகவர் நிலையங்களாயின. சில ஆண்டுகளிலேயே அது கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் சேவையாக வளர்ந்து, நிறுவனத்துக்கும் பெரும் வருமானத்தைத் தந்தது. கடைக்கோடியில் இருப்பவரை மனதில் வைத்துச் செய்ததால் நடுவில் இருப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது சாட்டு செலவு. வீடு கட்டியவர்களுக்கு இது விளங்கும். அத்திவாரம் போடும்போதே சாய்தளத்துக்கு இடம் விட்டால் சிறிது சீமெந்தும் மணலும்தான் கூடுதலாகச் செல்லும். கட்டி முடித்தபின் படியை உடைத்துக் கட்டினால் இரட்டைச் செலவு. செயலியும் அப்படியே. பொத்தானுக்குப் பெயர் வைப்பது, எழுத்தைக் கடும் நிறத்தில் போடுவது, நேரத்தைக் கூட்டுவது ஆகியவை தொடக்கத்தில் செய்தால் சிறு வேலைகள். பிந்தினால் பெரு வேலைகள்.

மூன்றாவதாக, ஒருவருக்கென்று செய்தது பலருக்கும் உதவுகிறது. சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளத்தில் நெல் மூட்டை வண்டியும் ஏறும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாயும் ஏறுவாள். செவிப்புலனற்றோருக்காகப் படக்காட்சியின் கீழே எழுத்தில் போடும் பேச்சை, இரைச்சலான பேருந்தில் இருப்பவரும் வாசிக்கிறார். பார்வை குறைந்தவருக்காகக் கறுப்பாக்கிய எழுத்து, வெயிலில் நிற்கும் கமக்காரருக்கும் தெரிகிறது.

5. சட்டம் என்ன சொல்கிறது?

இது நிறுவனங்களின் இரக்கத்தை நம்பி விடப்பட்ட விடயம் அல்ல. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுமக்கள் சென்றுவரும் கட்டடங்களை அவர்களும் பயன்படுத்தக்கூடியவாறு அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 2007இல் அதில் கையொப்பமிட்டு, 2016இல் அதனை உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவலும் தொடர்பாடலும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியார் நிறுவனங்களும் இதைக் கவனத்திற் கொள்வதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது.

பிற நாடுகளில் சாதாரண மனிதர்கள் கேட்டதால் மாற்றங்கள் நடந்துள்ளன. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விளையாட்டுக்களை நடத்திய குழுவின் இணையத்தளத்தைத் தம்மால் முறையாகப் பயன்படுத்த முடியவில்லை என்று புறூஸ் மக்வயர் என்ற விழிப்புலனற்ற அவுஸ்திரேலியர் 1999இல் முறைப்பாடு செய்தார். படங்களுக்கு எழுத்தில் விளக்கம் இல்லை. போட்டி முடிவு அட்டவணைகளை அடைய வழியில்லை. திருத்துவதற்குப் பெருந்தொகை செலவாகும் என்று குழு வாதிட்டது. அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு அதை ஏற்காமல், தளத்தைத் திருத்தும்படி 2000 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. குழு அதனை முழுமையாக நிறைவேற்றாததால் 20,000 அவுஸ்திரேலிய டொலரை இழப்பீடாகச் செலுத்த நேர்ந்தது.

அமெரிக்காவில் விழிப்புலனற்றோரின் தேசிய கூட்டமைப்பு 'டார்கெட்' என்னும் பெரிய விற்பனை நிறுவனத்தின்மீது 2006இல் வழக்குத் தொடுத்தது. 2008இல் அந்நிறுவனம் 60 இலட்சம் அமெரிக்க டொலரை ஒதுக்கிச் சமரசத்துக்கு வந்து, தன் இணையத்தளத்தையும் திருத்த உடன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆக்கிய சட்டம் 2025 யூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கிச் சேவை, இணைய விற்பனை, பணம் எடுக்கும் இயந்திரம், பயணச்சீட்டு இயந்திரம், கைத்தொலைபேசி, மின்நூல் ஆகியவை அதில் அடங்கும். ஐரோப்பிய மக்களுக்கு இத்தகைய பொருளையும் சேவையையும் விற்க விரும்பும் இலங்கை நிறுவனங்களும் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். அங்குள்ளவருக்காகச் செய்யக்கூடியதை இங்குள்ளவருக்குச் செய்ய முடியாது என்று சொல்ல நியாயம் உண்டா?

6. நல்ல சேவைக்கு நான்கு கேள்விகள்

இணையத்தின் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு 1999இல் இதற்கான வழிகாட்டியை முதன்முதலாக வெளியிட்டது. 2008இல் வந்த இரண்டாவது பதிப்பு எல்லா விதிகளையும் நான்கு தத்துவங்களுள் அடக்கியது. அவற்றைக் கேள்விகளாக மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது: உணர முடிகிறதா? கண்ணால் முடியாதவர் காதாலும், காதால் முடியாதவர் கண்ணாலும் அறிய வழி உண்டா?

இரண்டாவது: இயக்க முடிகிறதா? ஒரு கை உள்ளவரும், கை நடுங்குபவரும், மெதுவாகத் தட்டுபவரும் செய்து முடிக்கலாமா?

மூன்றாவது: விளங்குகிறதா? சொற்கள் நம் மொழியில், நாம் பேசும் சொற்களாக இருக்கின்றனவா? பிழை விட்டால் எங்கே பிழை என்று சொல்லித் தருகிறதா?

நான்காவது: நிலைத்து இயங்குகிறதா? பழைய தொலைபேசியிலும் திரைவாசிப்பானோடும் அது வேலை செய்கிறதா?

இவற்றோடு, திரைக்கு வெளியேயும் ஒரு வாசல் வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த கியூ.ஆர். முறை நினைவிருக்கும். பதிவு இணையத்தில் நடந்தது. ஆனால் கிடைத்த குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டும் காட்டலாம். ஸ்மார்ட் தொலைபேசி இல்லாதவரும் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கமத்தொழில் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைத்து ஆலோசனை கேட்கலாம் என்பதும் இத்தகைய வாசலே.

7. நாமும் விற்பவர்களே

பிறரிடம் கேட்கும் முன் நம் முற்றத்தையும் பார்ப்போம். நமது சங்கங்களும் மகளிர் குழுக்களும் இன்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் மிளகாய்த்தூள், கச்சான், பனங்கட்டி என்பவற்றை விற்கின்றன. கூட்டம் பற்றியும் அறிவிக்கின்றன. விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாமல், கீழே அதே விடயத்தை எழுத்திலும் தட்டுவோம். முக்கியமான செய்தியைக் குரலிலும் எழுத்திலும் அனுப்புவோம். அப்போது கேளாதவரும் அறிவார், காணாதவரும் அறிவார்.

தட்டச்சு செய்யும்போது இன்னொரு கவனமும் தேவை. நம்மவர் பலர் இன்றும் 'பாமினி' எழுத்துருவில் தட்டுகின்றனர். அது காகிதத்தில் அச்சிடப் பொருந்தும். ஆனால் கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துக்களாகவும் குறிகளாகவுமே இருக்கும்; கண்ணுக்குத்தான் தமிழ். திரைவாசிப்பான் அதை அர்த்தமற்ற ஒலியாக வாசிக்கும். இணையத்தில் போடுவதையும் பிறருக்கு அனுப்புவதையும் யுனிகோட் முறையில் தட்டினால் அது தமிழைத் தமிழாகவே வாசிக்கும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

8. செய்யக்கூடியவை

முதலில், வீட்டில் பார்வை குறைந்தவர் இருந்தால் தொலைபேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். திரைவாசிப்பானைத் திறந்து ஓரிரு நாள் பொறுமையாகப் பழக்குங்கள்.

அடுத்து, ஒரு சேவையைப் பயன்படுத்த முடியாதபோது, "எனக்குத் தெரியாது" என்று விலகாதீர்கள். எந்தச் செயலி, எந்தப் படிமுறை, அங்கே என்ன நடந்தது என்று குறித்து வையுங்கள். குற்றம் பெரும்பாலும் உங்களிடம் இல்லை.

மூன்றாவதாக, கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தனியாகக் கொடுப்பதைவிடச் சங்கமாகக் கொடுப்பது பலம். "உதவி செய்யுங்கள்" என்று எழுதாமல், "நாங்கள் உங்கள் வாடிக்கையாளர்கள், இந்த இடத்தைத் திருத்தித் தாருங்கள், எப்போது திருத்துவீர்கள் என்று அறிவியுங்கள்" என்று எழுதுங்கள். பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

நான்காவதாக, வங்கியோ நிதி நிறுவனமோ தகுந்த பதில் தராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. முதலில் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இங்கே உதவும்.

கடைசியாக, நிறுவனங்கள் புதிய சேவையைக் காட்ட ஊருக்கு வரும்போது கூட்டத்தின் முன்வரிசையில் மாற்றுத்திறனாளிகளையும் முதியவர்களையும் இருத்துங்கள். "இவர்கள் கையில் கொடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்தச் சேவை எப்படிப்பட்டது என்பது அப்போது அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குழுவில் கலந்துரையாட

1. நம் ஊரில் கைத்தொலைபேசிச் சேவையைத் தனியாகப் பயன்படுத்த முடியாதவர்கள் யார்? அவர்களை எது தடுக்கிறது: கண்ணா, கையா, மொழியா, தொலைபேசியா, சமிக்ஞையா?

2. நம்மில் எத்தனை பேர் நமது இரகசிய இலக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறோம்? ஏன் கொடுக்க நேர்ந்தது?

3. நமது சங்கம் கடைசியாக அனுப்பிய அறிவித்தலை விழிப்புலனற்ற ஒருவரும் செவிப்புலனற்ற ஒருவரும் அறிந்துகொண்டிருப்பார்களா? அடுத்ததை எப்படி அனுப்புவோம்?

4. நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு சேவையைத் தெரிவுசெய்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பதில்களை ஒரு கடிதமாக எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.